ஆறாயிரத்துக்குள் வேலூரில் மூன்று நாள்: நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு திட்டம்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மற்ற இரண்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கையில் கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வட ஆர்க்காட்டைப் போல இடம் கொடுக்கும் ஊர் குறைவு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளியூர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அதனால் சின்ன லாட்ஜ், அளவுச் சாப்பாட்டு மெஸ், விடியற்காலையிலேயே ஓடத் தொடங்கும் டவுன் பஸ் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

சிக்கனப் பயணத்தில் பணம் பறிபோவது பெரிய டிக்கெட்டில் அல்ல. ஸ்டேஷனுக்கும் லாட்ஜுக்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரில் ஆட்டோவுக்குப் போகும். நண்பகல் வெயிலில் போக இடமில்லாமல் நிற்கும்போது குளிர்பானத்துக்கும் ஏ.சி. ஓட்டலுக்கும் போகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவில் காருக்குப் போகும். இந்த மூன்றையும் அடைத்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். பிரியாணியில் கஞ்சத்தனம் பிடிக்கத் தேவையில்லை.

எப்போது

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு பிப்ரவரி கடைசிவரை நல்ல காலம். மழை முடியும் நவம்பர் கடைசி, டிசம்பரும் நல்லதுதான். அருவியில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான் பார்க்க முடியும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் வேறு வழியில்லை, போகலாம். ஆனால் காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணிவரை வெட்டவெளியில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிழமையும் முக்கியம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஏலகிரியில் சனி, ஞாயிறு அறை வாடகை எகிறிவிடும். ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை காலை பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு மாலையே வந்து லாட்ஜ்களை நிரப்பிவிடுவார்கள். செவ்வாய் காலை வந்து வியாழன் இரவு திரும்புவதுதான் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும்.

பணத்தைப் பிரித்து வைப்பது

சென்னையிலிருந்து வரும் பெரியவர் இருவர், ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

ரயிலுக்குப் போகவர 600. அறைக்கு இரண்டு இரவுக்கு 1,600. சாப்பாட்டுக்கு முதல் நாள் 500, அடுத்த இரண்டு நாளும் 800 வீதம், ஆக 2,100. பஸ்ஸுக்கு மூன்று நாளுக்கும் சேர்த்து 600. தண்ணீர், செருப்பு வைப்பிடம், படகு போன்ற சில்லறைச் செலவுக்கு 400. வீட்டுக்கு வாங்கிப்போக 300. மொத்தம் 5,600 ரூபாய். இதைத் தவிர ஆயிரம் ரூபாயைத் தனியாக மடித்து, பர்ஸில் வைக்காமல் பையின் அடியில் வையுங்கள். அது உடம்புக்கு முடியாமல் போனாலோ பஸ் தவறினாலோ மட்டும் எடுப்பதற்கு.

ஒவ்வொரு நாள் பணத்தையும் தனிக் கவரில் போட்டுவிடுவது பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும். மூன்று கவரிலும் பத்து, இருபது ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறப்பவர்களே அதிகம்.

வந்து சேர்வது

வேலூருக்கு ரயிலடி என்றால் காட்பாடி ஜங்ஷன்தான். சென்னையிலிருந்து 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. முன்பதிவில்லாத டிக்கெட் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வேண்டாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. ரயில் எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்ஃபாஸ்ட். பிருந்தாவன், லால்பாக் எல்லாம் இந்த ரகம். 16 என்று தொடங்குவது சாதாரண எக்ஸ்பிரஸ். செயலியில் டிக்கெட் எடுக்கும்போது ரயில் வகையைத் தப்பாகத் தொட்டு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு சூப்பர்ஃபாஸ்டில் ஏறினால், பதினைந்து ரூபாய் வித்தியாசத்துக்கு அபராதம் கட்ட வேண்டிவரும். டிக்கெட்டே இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதோடு கட்டணமும். இன்னொன்று, 199 கிலோமீட்டருக்குள் போகும் முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கியாக வேண்டும். முதல் நாள் இரவே எடுத்து வைத்துக்கொள்கிற வேலை நடக்காது.

காலை எட்டு, ஒன்பது மணிக்குக் காட்பாடியில் இறங்குகிற மாதிரி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். இரவு பத்துக்கு மேல் இறங்கினால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. ஸ்டேஷன் வாசலில் "சி.எம்.சி.யா, சி.எம்.சி.யா" என்று சூழ்ந்துகொள்வார்கள்; சிரித்துக்கொண்டே மெயின் ரோட்டுக்கு நடந்துவிடுங்கள். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்கள் வேலூர்க்காரர்களின் உயிர்நாடி. ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டைப் பக்கம் எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வெளியூர்ப் பெண்களுக்கும்தான். ஆனால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தச் சலுகை வெளியூர் பஸ்களுக்குக் கிடையாது. அவற்றில் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்பது 2018-இல் வைத்த கணக்கு. 'எக்ஸ்பிரஸ்', 'டீலக்ஸ்' என்று போர்டு இருந்தால் கூடும். ஊருக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே மனக்கணக்குப் போட்டுவிடலாம்.

பஸ்ஸிலேயே சென்னை, பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே இறக்கி விட்டுடுவீங்களா?" தொலைதூர பஸ்கள் பல ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆம்பூர், வாணியம்பாடிக்கும் இதே கதை. மேம்பாலத்தடியில் மூட்டை முடிச்சோடு இறங்கினால், பஸ்ஸில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

தங்குவது

காந்தி ரோடும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் முழுக்க லாட்ஜ்தான். ஏ.சி. இல்லாத இரட்டைக் கட்டில் அறை அறுநூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தேடலாம். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தெரு. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஸ்ட்ரெச்சரோடு வந்து அறை தேடுகிறவர்கள் உண்டு. ஊர் சுற்ற வந்தவர்கள் அந்தத் தெருவை விட்டுவிட்டுப் புதிய பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ காட்பாடியிலோ தங்குவது நியாயம். அறையும் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும், வெளியூர் பஸ்ஸும் ரயிலும் கிட்டத்தில் இருக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? காலை ஒன்பதுக்கு வருகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம். இல்லையென்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். பிள்ளைகளுக்குத் தனிப் பாய்க்குக் காசு உண்டா? கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு மாலைவரை பையை வைத்துக்கொள்வார்களா? சொன்ன வாடகை வரியோடு சேர்த்தா? பிறகு அறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், மின்விசிறியைச் சுழலவிடுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள கடைசி மாடி அறையைக் கோடையில் எடுக்காதீர்கள். பகலெல்லாம் காய்ந்த தளம் விடியவிடிய அனலை இறக்கும். வாடகை நூறு ரூபாய் குறைவு என்று எடுப்பவர்கள் இரவு தூங்குவதில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு. ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் என்றால் நான்கு பேருக்குப் பன்னிரண்டு லிட்டர். இருபது ரூபாய் பாட்டிலாக வாங்கினால் நாளுக்கு 240, மூன்று நாளுக்கு 720 ரூபாய். அதற்குப் பதில் அறைக்கு 20 லிட்டர் கேன் ஒன்று போடச் சொல்லி, தீர்ந்ததும் இன்னொன்று வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டைக் கிளம்பும்போதெல்லாம் நிரப்பிக்கொண்டால் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்ததும் முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் கட்டுச்சாதம்

முதல் நாள் காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாடு என்றால் அன்றைக்கு ஐந்நூறு ரூபாய் தாராளம். எதைக் கட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, வெங்காயம் போட்ட எதுவும் கோடையில் நண்பகல் தாண்டாது.

காலைக்கு இட்லி. ஆளுக்கு நான்கு வீதம் பதினாறு இட்லியை ஆறவைத்து, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கிக் கட்டுங்கள். எண்ணெய் போர்த்தியிருப்பதால் இட்லி வறளாது, இரவுவரைகூட நிற்கும்.

மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். புளியோதரை சீக்கிரம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சூட்டோடு டப்பாவில் அடைப்பது. மூடியில் ஆவி நீராகக் கோத்துச் சாதத்தில் சொட்டும், அங்கிருந்துதான் ஊசும். சாதத்தை விதை விதையாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுத் தொட்டால் சூடு தெரியாத அளவு ஆறவிட்டுப் பிறகு காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். தயிர்சாதத்துக்குத் தயிரே அதிகம் வேண்டாம். ஒரு தம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர் ஊற்றி, தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு உப்புப் போட்டுக் கலந்துவிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டினால் நண்பகலுக்குள் பால் உறைந்து பதமான தயிர்சாதமாகிவிடும். சித்திரை வெயிலில் தயிரை ஒரு ஸ்பூனாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் கூசும்.

முதல் நாள்: கோட்டை

அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் பத்தரைக்குள் கோட்டை. உள்ளே போகக் கட்டணமில்லை. 133 ஏக்கர், பதினாறாம் நூற்றாண்டு விஜயநகரக் காலக் கட்டடம், சுற்றிலும் அகழி. நேரே உள்ளே போய்விடாமல் அகழிக்கு வெளியே நின்று மதிலின் கல் வரிசையைப் பாருங்கள். பெரிய பெரிய கருங்கற்பாளங்கள்; ஒன்றின் விளிம்பு அடுத்ததோடு சாந்தே தெரியாமல் பொருந்தியிருக்கும்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் முதலில் கோயில். வெளிப் பிராகாரத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். தூண் ஒவ்வொன்றிலும் யாளியும் முன்னங்கால் தூக்கிய குதிரையும், அவற்றின் மேல் ஆளும். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கல் தாமரையைச் சுற்றிக் கிளிகள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கழுத்து வலிக்கும்வரை எண்ணுவார்கள். இந்த மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் நினைத்ததாக ஒரு கதையும் ஊரில் சொல்வார்கள். மூலவர் நானூறு ஆண்டு அளவில் கோயிலில் இல்லை. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து வைத்த பிறகுதான் இங்கே விளக்கெரிகிறது.

நடை சாத்தியதும் மர நிழலில் கட்டுச்சாதம். சாப்பிட்ட இலையைக் கோட்டைப் புல்லில் போட்டுவிட்டு வராதீர்கள், குரங்கும் நாயும் இழுத்துப் பரப்பும். பிறகு அருங்காட்சியகம். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைக் கூரைக்கடியில் கழிக்க இது தோதான இடம், கட்டணமும் சொற்பம். கோட்டைக்குள் ஒரே வளாகத்தில் கோயிலும் மசூதியும் 1846-இல் கட்டிய தேவாலயமும் இருக்கின்றன. 1799-இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியலில் வெள்ளைக்காரர்களுக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். அதன் நினைவுத் தூண் கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப் பேர் அதை ரவுண்டானா அலங்காரம் என்றே நினைத்திருப்பார்கள்.

வெயில் தாழ்ந்ததும் லாங் பஜார், மண்டித் தெருப் பக்கம் ஒரு நடை. வாங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. காய்கறிக் கடையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருந்தால் மட்டும் கடைசி நாள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விலை கேட்டு வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. காம்பில் முள் இருக்கும், வெறும் விரலால் பிடித்தால் குத்தும். இரவுச் சாப்பாட்டுக்கு மருத்துவமனைப் பக்கத்து மெஸ்களில் இட்லி, தோசையும் கிடைக்கும். வங்காளிகளுக்காக நடத்தும் கடைகளில் கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்புச் சாதமும் கிடைக்கும். கொல்கத்தாவுக்குப் போகாமலே அந்தச் சாப்பாடு, அளவுச் சாப்பாட்டு விலையில்.

இரண்டாம் நாள்: காலையில் வள்ளிமலை, மாலையில் ஸ்ரீபுரம்

ஆறு மணிக்குப் பஸ்ஸில் இருக்க வேண்டும். வள்ளிமலை காட்பாடிக்கு வடகிழக்கே, சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள். காலை வெயில் வலப்பக்க ஜன்னலில்தான் அடிக்கும். வள்ளி பிறந்து தினைப்புனம் காத்த மலை என்பது ஐதீகம். நானூற்றுச் சொச்சம் படி. செருப்பில்லாமல் ஏறுவதால் எட்டு மணிக்குள் மேலே போய்விட வேண்டும், பத்து மணிக்குக் கல் கொதிக்கத் தொடங்கிவிடும். மேலே பாறையைக் குடைந்த முருகன் சந்நிதி. அதே மலையில் சமணத் துறவிகள் இருந்த குகையும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டுக் கங்க மன்னன் ராசமல்லன் காலத்தவை. முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள். வழியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குரங்கு உண்டு. பழமும் பிஸ்கட்டும் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கினால் பறித்துவிடும். பையின் சலசலப்புச் சத்தம்தான் அதற்கு அழைப்பு. எல்லாம் தோளில் மாட்டும் துணிப்பைக்குள் இருக்கட்டும், பிள்ளைகள் கையில் எதுவும் வேண்டாம்.

இறங்கி வந்ததும் பக்கத்திலேயே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னர் நினைவாக எழுப்பும் கோயில், அங்கே இருக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில் கட்டியவர் இங்கே எவ்வளவு சின்னதாக, எவ்வளவு கச்சிதமாக ஒன்றைக் கட்டியிருக்கிறார் என்று பார்க்க அரை மணி போதும். திரும்பும் வழியில் திருவலம் வந்தால் வில்வநாதேஸ்வரர் கோயில், பாடல் பெற்ற தலம். இங்கே நந்தி சிவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும், ஏன் என்பதைக் கோயிலில் கதையாகச் சொல்வார்கள். ஆனால் பதினொன்றரைக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் திருவலத்தை விட்டுவிடுங்கள். பன்னிரண்டேகாலுக்குச் சாத்திய கதவின் முன் போய் நிற்பதுதான் கோயில் சுற்றுலாவில் அடிக்கடி நடக்கும் விரயம்.

மதியம் அறையில் தூக்கம். இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். பகல் ஒன்றிலிருந்து மூன்றரைவரை படுத்து எழுந்த பிள்ளைகள் இரவு எட்டுவரை அழாமல் நடப்பார்கள். தூங்காத பிள்ளைக்கு ஐஸ்கிரீம், பொம்மை, கடைசியில் ஆட்டோ என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

நான்கு மணிக்கு ஸ்ரீபுரம் பஸ். உள்ளூரில் மலைக்கோடி என்றால்தான் சட்டென்று புரியும். 2007 ஆகஸ்டில் குடமுழுக்கான லட்சுமி நாராயணி கோயில், சுமார் 1,500 கிலோ தங்கத்தில் வேய்ந்தது. பொது தரிசனத்துக்குக் கட்டணமில்லை. அரைக்கால் சட்டை, லுங்கி, குட்டைப் பாவாடையோடு உள்ளே விடமாட்டார்கள். செல்போன், கேமரா கூடாது. நான்கு பேரில் இரண்டு போனை அறையிலேயே பூட்டிவிட்டு வந்தால் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வரிசை சுருங்கும். நட்சத்திர வடிவப் பாதை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். நடுவில் திரும்பி வர முடியாது, ஆகவே உள்ளே போகும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி கணக்குப் பண்ணுங்கள். விளக்கு ஏற்றியதும் தங்கம் தண்ணீரில் விழுந்து ஆடும். வெள்ளி, ஞாயிறு, பௌர்ணமி நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது, மணிக்கணக்கில் வரிசை. வெளியே வரும் வழியில் அன்னதானம் நடந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதில் கூச்சம் எதற்கு? உண்டியலில் முடிந்ததைப் போடலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்டக்டரிடம் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுங்கள். கடைசி பஸ்ஸை நம்பி நிற்பவர்கள்தான் ஷேர் ஆட்டோவுக்கு நாலு மடங்கு கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: ஏலகிரியா, விரிஞ்சிபுரமா?

ஏலகிரி வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். போகலாம், ஆனால் வேலூருக்குத் திரும்பி வரக் கூடாது. காலையில் அறையைக் காலி செய்துவிட்டு, பையோடு காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து மலை பஸ், மாலையில் இறங்கி ஜோலார்பேட்டையிலேயே சென்னை ரயில். மலை பஸ் ஒரு நாளைக்குச் சிலதான். ஏறும்போதே இறங்கும் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் கீழே இறங்கும் பஸ்ஸுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

மேலே போகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பாரதியார், திருவள்ளுவர், கம்பர், கபிலர், பாரி என்று புலவர், வள்ளல் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பெயர்ப்பலகை வாசிக்கச் சொல்லுங்கள். தூரப் பார்த்துக்கொண்டே வந்தால் குமட்டலும் குறையும். பஸ்ஸின் நடுப்பகுதியில், சக்கரத்துக்கு மேல் இல்லாத இருக்கையாகப் பாருங்கள். கடைசி வரிசையில் ஒவ்வொரு வளைவும் வயிற்றைப் பிரட்டும். ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டிய மலை இது. ஊட்டி என்று நினைத்து மே மாதத்தில் ஸ்வெட்டர் மூட்டை கட்டிப் போகிறவர்கள் அதைச் சுமந்ததுதான் மிச்சம். புங்கனூர் ஏரியில் ஒரு படகுச் சுற்று, கரையோரம் நடை, பலா காலமென்றால் சுளை. ஜலகாம்பாறை அருவி மழைக்குப் பிறகு மட்டும். கோடையில் வெறும் பாறைதான்.

எங்களைக் கேட்டால் விரிஞ்சிபுரம் என்போம். வேலூருக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள், பாலாற்றங்கரை. மார்க்கபந்தீஸ்வரர் கோயில், தமிழில் வழித்துணைநாதர். பயணம் போகிறவர்கள் கும்பிட வேறு சாமி எதற்கு! மதிலே தனி அழகு. உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது: அரைவட்டமாகச் செதுக்கிக் கோடும் எண்ணும் இட்டிருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஓர் ஈர்க்குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் எண்தான் மணி. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சில நிமிஷம் முன்பின்னாகத்தான் இருக்கும். இந்திய நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது, வேலூர் அதற்கு மேற்கே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புவியியல் பாடம் காசில்லாமல் முடியும். பக்கத்திலேயே சிம்ம வாய் வழியாக இறங்கும் சிம்ம தீர்த்தம். கார்த்திகைக் கடைசி ஞாயிறு மட்டும் போகாதீர்கள், குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது.

பிரியாணி

விரிஞ்சிபுரத்திலிருந்து அதே சாலையில் மேற்கே போனால் ஆம்பூர். பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் போய்விடுங்கள். தம் உடைத்த முதல் அண்டாவுக்கு ஒரு மணம் உண்டு. மூன்று மணிக்கு மேல் போனால் அடி வறண்ட சாதமும் உதிரிக் கறியும்தான். இங்கே சீரகச் சம்பா அரிசி. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய்தான் நிறம் தருவது, பொடி இல்லை. கூடவே எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் கட்டாயம். அதற்குத் தனிக் காசு கேட்டால் கடை மாறுங்கள்.

நான்கு பேருக்கு நான்கு பிளேட் சொல்ல வேண்டாம். இரண்டு மட்டன் பிரியாணி, இரண்டு குஸ்கா. குஸ்கா என்பது அதே அண்டாவிலிருந்து கறித் துண்டு இல்லாமல் அள்ளுவது. மணம், மசாலா எல்லாம் ஒன்றுதான், விலை மட்டும் கீழே. கறியைப் பகிர்ந்துகொண்டால் போதும். ஏலகிரிக்குப் போகிறவர்கள் இதை மலை ஏறும் முன் சாப்பிட்டுவிடக் கூடாது. ஏன் என்பதை நாலாவது வளைவு சொல்லிவிடும்.

வீட்டுக்கு வாங்கிப்போக ஆர்க்காடு மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்து, பொரித்துப் பாகில் ஊறப்போட்டது. குலாப் ஜாமூன் போலத் தெரியும், கடித்தால் உள்ளே நொறுங்கும் பருப்புதான் வித்தியாசம். பாகோடு வாங்கினால் பையெல்லாம் கசியும். பாகை வடித்துத் தரச் சொல்லி, எவர்சில்வர் டப்பாவில் வாங்குங்கள். கட்டுச்சாத டப்பா காலியாகத்தானே இருக்கும்.